அந்தக் கோட்டு தாத்தாவுடையதுதானா?

வீட்டுப் பரணிலும் பெட்டகத்திலும் கிடக்கும் பழைய படங்களை வைத்துச் சரித்திரக் கதை எழுத முடியுமா என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில். பதில் சொல்பவர், கும்பகோணத்தில் தன் அப்பாவின் ஸ்டூடியோவில் நெகட்டிவ்களுக்கு டச்சிங் செய்து வளர்ந்தவர். முப்பது ஆண்டுகளாகச் சரித்திரக் கதைகள் எழுதுபவர்.

கொள்ளுத்தாத்தா ரங்கூனில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. கோட்டு, தலைப்பாகை, கடிகாரச் சங்கிலி, பக்கத்து மேசையில் தடித்த புத்தகம். பின்பக்கம் ரங்கூன் ஸ்டூடியோவின் முத்திரையும் 1938 என்ற எழுத்தும். அவரை வைத்து நாவல் எழுத ஆசை. எங்கே தொடங்குவது அம்மா?
– வாசகி, தேவகோட்டை

கோட்டிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். அது யாருடைய கோட்டு என்று முதலில் பாருங்கள்.

எங்கள் ஸ்டூடியோ அலமாரியில் மூன்று கோட்டுகள் தொங்கும். இரண்டு தலைப்பாகை, ஒரு ஜோடி ஷூ, ஓடாத கைக்கடிகாரம் ஒன்று. ஒல்லியானவர் வந்தால் கோட்டை முதுகுப் பக்கம் இழுத்து அப்பா ஊசி குத்திவிடுவார். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது போலவே இருக்கும். நூறு பேர் படத்தில் அதே மேசை, அதே புத்தகம். எல்லா ஊர் ஸ்டூடியோவிலும் இதே கதைதான். ஆகவே ஒரு பூதக்கண்ணாடி எடுங்கள். கோட்டின் கை விரல் முட்டி வரை இறங்குகிறதா? தோள் சரிகிறதா? ஷூவுக்குள் கால் பழகிய கால் போல இருக்கிறதா? இரவல் என்று தெரிந்தால் ஏமாற வேண்டாம், அங்கேதான் உங்கள் கதை கிடைக்கும். இரவல் கோட்டு போட்டுப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பிய ஒருவர், அந்தப் படத்தை யார் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்?

அடுத்து, அவர் அங்கே என்னவாக இருந்தார் என்று தெரிய வேண்டும். ரங்கூன் போன செட்டிநாட்டார் எல்லோரும் முதலாளிகள் அல்லர். முதலாளி ஊரில் இருப்பார். அங்கே அவருடைய வட்டிக்கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்புவது வழக்கம். பெண்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்துவிட்டார்கள். ரங்கூன் மொகல் தெருவின் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, அதன் பக்கத்திலேயே படுக்கை. கடிகாரச் சங்கிலியோடு நாற்காலியில் சாய்ந்திருக்கும் உங்கள் கொள்ளுத்தாத்தா அன்று இரவு தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கக்கூடும்.

1938 என்ற ஆண்டைச் சும்மா விட்டுவிடாதீர்கள். முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனை அடைக்க முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் வட்டிக்கடைக்காரர்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நெல் நிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். அவர்கள் பணம் கொடுத்துப் பணம் வாங்க வந்தவர்கள். ஏர் பிடிக்க வரவில்லை. விற்கவும் முடியாத, உழவும் தெரியாத நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். 1937 ஏப்ரல் 1இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. 1938 ஜூலையில் ரங்கூனில் கலவரம். முக்கியமாக முஸ்லிம்களும், பொதுவாக இந்தியர்களும் தாக்கப்பட்டார்கள். படம் அந்த ஜூலைக்கு முன்பா, பின்பா? பெட்டகத்தில் கடிதமோ கணக்கு நோட்டோ இருந்தால் தேதி கிடைக்கும். பின்பு என்றால் அந்தப் படத்துக்கு ஒரே அர்த்தம்தான்: ‘நான் நன்றாக இருக்கிறேன், பயப்படாதே.’

ஒரு வேண்டுகோள். நிலத்தை இழந்த பர்மிய விவசாயியையும் நாவலுக்குள் கொண்டுவாருங்கள், அவருக்கு ஒரு பெயர் வையுங்கள், ஒரு வீடு கொடுங்கள். உங்கள் குடும்பத்தாருக்கு அது கசக்கலாம். ஆனால் அவர் இல்லாவிட்டால் உங்கள் கொள்ளுத்தாத்தா எதன் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்பதே வாசகனுக்குத் தெரியாது.

இன்னொன்று. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலேறினார்கள். கிடைக்காதவர்கள் எல்லை ஊரான தாமு வழியாக இம்பாலுக்கும், அரக்கான் மலைகளைத் தாண்டியும் நடந்தார்கள். வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நாற்காலியில் இருப்பவருக்குத் தெரியாது. அவர் முகத்தில் ‘வரப்போவதை உணர்ந்த சோகம்’ என்று ஒரு வரி எழுதினீர்களானால் அந்த இடத்தில் அவர் செத்துவிடுவார். ஸ்டூடியோக்காரன் அசையாதே என்றதால் இறுகிய முகம் அது.

1900 வாக்கில் எடுத்த படத்தில் என் பாட்டியின் அம்மா வெள்ளைச் சேலை கட்டியிருக்கிறார். நெற்றியில் கறுப்புப் பொட்டு. கணவரோ பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்! சொந்தக்காரர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். இதை வைத்து ஒரு மர்மக் கதை மனதில் ஓடுகிறது.
– வாசகி, மயிலாடுதுறை

மர்மத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள் அம்மா. அது அநேகமாக நீலச் சேலை.

அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பதில் கேமராவுக்குள் வைத்த கண்ணாடி பிளேட்டுக்கு நீல நிறம்தான் நன்றாகத் தெரியும். சிவப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. வெளிர் நீலம் படத்தில் வெள்ளையாக விழும். அரக்கும் குங்குமமும் கறுப்பாக விழும். மஞ்சளும் கறுக்கும். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு, நல்ல நாளென்று படம் எடுக்க வந்த பெண்களின் முகம் படத்தில் கருத்துப்போய், ‘நான் இப்படியா இருக்கிறேன்’ என்று அழுதவர்கள் உண்டென்று அப்பா சொல்வார். அதற்காகத்தான் டச்சிங். நெகட்டிவில் பென்சில் படும் இடம் பிரிண்டில் வெளுக்கும். தேய்த்த கண்ணாடி பதித்த சாய்வு மேசை, கீழே வெளிச்சத்தை மேலே திருப்ப ஒரு நிலைக்கண்ணாடி, ஊசி போல் சீவிய பென்சில். பதினாறு வயதிலிருந்து என் உலகம் அதுதான். எல்லா நிறத்தையும் ஓரளவு சரியாக வாங்கும் ஃபிலிம் பரவலாக வந்தது முப்பதுகளில்தான்.

இவ்வளவு தெரிந்திருந்தும் என் முதல் கதையிலேயே தவறு செய்தேன். 1890களின் கல்யாணப் படம் ஒன்றைப் பார்த்து ‘கறுப்புப் பட்டில் மணப்பெண்’ என்று எழுதினேன். கதை அச்சில் வந்த பிறகு அப்பாவின் நண்பரான முதிய ஸ்டூடியோக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, “அம்மாடி, நம்ம பக்கம் எந்தத் தாய் மகளைக் கறுப்புச் சேலையில மணையில உட்கார வைப்பா? அது அரக்குக் கூறைப் புடவை” என்றார். நாற்பது பக்கக் கதை அந்த ஒரு வரியில் பொய்யாகிப் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு சுருங்கும்.

இடம் வலத்தையும் பாருங்கள். பிளேட்டைத் திருப்பி வைத்து பிரிண்ட் போட்டிருந்தால் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது போல மாறிவிடும். ஆண்களின் பூணூல் வலது தோளில் கிடந்தாலோ, சட்டைப் பித்தான் மாறியிருந்தாலோ சந்தேகப்படுங்கள். இடது கையால் எழுதிய தாத்தா என்று ஒரு பாத்திரத்தை உருவாக்கிவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம்.

கொள்ளுப்பாட்டியைப் பற்றி எழுதுங்கள். நீலச் சேலையைத் தேர்ந்தெடுத்து, நன்றாக மஞ்சள் பூசி, ஆசையோடு வந்த பெண். படம் கைக்கு வந்தபோது சேலை வெளுத்து, முகம் கருத்து, பொட்டு கரியாகி இருந்தது. அவர் அதைப் பார்த்த நிமிடத்தை எழுதுங்களேன். எனக்கு அந்த மர்மக் கதையை விட இது பிடித்திருக்கிறது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் பிறந்ததிலிருந்து ஒரு படம் மாட்டியிருக்கிறது. தாத்தாவின் அப்பா மாலையோடு நாற்காலியில், சுற்றிலும் குடும்பம். அது அவர் இறந்த பிறகு எடுத்த படம் என்று சித்தப்பா போன மாதம்தான் சொன்னார். எழுத வேண்டும் என்று தோன்றுகிறது, கையும் நடுங்குகிறது. எழுதலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

எழுதுங்கள் தம்பி. அதில் அச்சப்படவோ கூசவோ ஒன்றுமில்லை. இன்றைய கண்ணுக்குத்தான் அது விபரீதமாகத் தெரிகிறது.

உயிரோடு இருந்தவரை ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவர்கள்தான் அன்று அதிகம். கண்ணை மூடிய அன்றுதான் ‘ஐயோ, முகம் மறந்துபோகுமே’ என்று ஆள் அனுப்புவார்கள். அப்பா சைக்கிள் கேரியரில் கேமராவையும் ஸ்டாண்டையும் கட்டிக்கொண்டு போவார். விடிந்து வெளிச்சம் வர வேண்டும். அதுவரை துக்க வீட்டுத் திண்ணையில் காத்திருப்பார். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நாற்காலியில் அமர்த்தி, சரியாமல் இருக்க மார்போடு ஒரு துணியால் பின்னால் கட்டுவார்கள். அந்தக் கட்டை மாலை மறைத்துவிடும். உங்கள் வீட்டுப் படத்தில் மாலை வழக்கத்தைவிடத் தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள்.

1972இல் எனக்குப் பதினேழு வயது. அப்படி ஒரு படத்தில் கண் திறந்திருப்பது போல் வரையச் சொன்னார்கள். இறந்தவரின் கண்ணை நான் பார்த்ததே இல்லையே, எப்படி வரைவது? அவருடைய மகள் தன் சித்தப்பாவைக் கையைப் பிடித்து ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்து ஸ்டூலில் உட்கார வைத்து, “அப்பாவுக்கும் இதே கண்ணுதான்” என்றார். தம்பியின் கண்ணைப் பார்த்து அண்ணனுக்குக் கண் எழுதினேன். வேலை முடியும்வரை அந்த மனிதர் கண்ணைச் சிமிட்டாமல் இருக்கப் பாடுபட்டார். பிரிண்டைப் பார்த்ததும் அந்தப் பெண் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இப்போதும் எனக்குத் தெரிகிறது.

உங்கள் படத்தில் இறந்தவரை விட்டுவிட்டுச் சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள். யார் அழுது ஓய்ந்திருக்கிறார்? யார் தலை வாரியிருக்கிறார்? இப்படிப்பட்ட படங்களில் ஒரு குழந்தையாவது தாத்தாவைப் பார்க்காமல் கேமராக்காரரையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் குழந்தை யார் என்று சித்தப்பாவிடம் கேளுங்கள். கதையை அந்தக் குழந்தை சொல்லட்டும். அன்று காலை வீட்டுக்குள் வந்த கறுப்புத் துணி போர்த்திய பெட்டிதான் அதற்குப் பெரிய விஷயம், சாவு அப்புறம்தான்.

வாய்ப்பிருந்தால் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து எண்ணிமமாக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் படம் தனியாக இல்லை என்பது அங்கே புரியும், கை நடுக்கமும் நிற்கும்.

குடும்பப் படத்தில் ஒருவருடைய முகம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. யாரும் வாய் திறக்க மறுக்கிறார்கள். நானே கற்பனை செய்துகொள்ளலாமா?
– வாசகி, நாகர்கோவில்

வெட்டின ஓரத்தை முதலில் தடவிப் பாருங்கள். நகத்தால் கீறியதா, பிளேடால் அறுத்ததா, மையால் அடித்ததா, கத்தரிக்கோலால் வட்டமாக நறுக்கியதா?

நான் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் உறவில் ஒரு வீட்டில் இப்படி வட்டமாக ஓட்டை விழுந்த படம் இருந்தது. ஓடிப்போன பிள்ளை, சாதி விட்டுக் கட்டியவன் என்று ஊரெல்லாம் ஆளுக்கொரு கதை. அந்தப் பாட்டி இறந்தபோது கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார்கள். டாலருக்குள் அந்த முகம் இருந்தது. பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போன மகன். வேறு படம் இல்லாததால் தாய் கத்தரிக்கோலை எடுத்திருக்கிறாள்.

கீறலாக இருந்தாலும் ஒன்று யோசியுங்கள். கோபம் அவ்வளவு இருந்தால் படத்தையே அடுப்பில் போட்டிருக்கலாமே? போடவில்லை. குரூப் போட்டோ எடுக்க ஆன செலவு, அதில் இருக்கும் மற்ற முகங்கள். அழித்தவருக்கும் அந்தப் படம் வேண்டியிருந்தது. முகம் போனாலும் கை மிஞ்சியிருக்கும், பாருங்கள். யார் தோள் மேல் அந்தக் கை இருக்கிறது?

கற்பனை செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருக்கிறார்கள் என்றால் ஊர், தொழில், பெயர், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்கள். அச்சுக்குப் போகுமுன் வீட்டின் மூத்த பெண்மணி ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். பேச மறுத்தவர்கள், கதையில் தப்பாக ஒன்று வந்தால் “அப்படி இல்லடி” என்று தொடங்கிவிடுவார்கள். எனக்கு இரண்டு முறை அப்படிக் கிடைத்திருக்கிறது.

பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் கலராக்கிப் பார்த்து எழுதலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

ஆசைக்குப் பாருங்கள், அதை நம்பிச் சேலை நிறத்தை எழுதாதீர்கள். மயிலாடுதுறை வாசகிக்குச் சொன்ன அதே காரணம்தான். படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்யுங்கள். முத்திரையும் கையெழுத்தும்தான் பாதித் துப்பு. பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரித்தெடுக்க முயல வேண்டாம், முகம் கண்ணாடியோடு வந்துவிடும்; அப்படியே கண்ணாடி மேலாகவே எடுங்கள். பெயர் எழுதி வைப்பதானால் பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சில். பால்பாயின்ட் பேனா மறுபக்கம் தடம் போடும்.

அந்தக் காலத்துத் துணி விளம்பரங்கள், இதழ்கள் பார்க்க வேண்டுமென்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களில் தொடங்கிய இடம். ஒரு நாள் முழுக்க உட்காருங்கள்.

என் அத்தையும் மாமாவும் 1956 தை மாதம் கல்யாணமான கையோடு கொழும்பு போகும்போது தனுஷ்கோடி ஸ்டேஷனில் எடுத்த படம் இருக்கிறது. மாமா கையில் குடை, அத்தை கையில் கூஜா. பின்னால் கடல். புயலைப் பற்றி நாவல் எழுத இதைவிட நல்ல தொடக்கம் உண்டா?
– வாசகர், பரமக்குடி

அருமையான படம் தம்பி. ஆனால் புயலை ஏன் அதற்குள் கொண்டுவருகிறீர்கள்?

புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது, ஊரே போனது. அதனால் தனுஷ்கோடி என்றாலே இன்று நமக்குப் புயல்தான் ஞாபகம். அந்தப் படம் எடுத்த தை மாதத்தில் அது சாதாரண ஊர். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து எழும்பூர் போட் மெயில் ரயில் வந்து நிற்கும் இடம். சுமைகூலிகள், சுங்கம், தபாலாபீஸ், மீன் வாடை. இர்வின், கோஷன் என்ற நீராவிக் கப்பல்கள் இலங்கைக் கரையில் இருக்கும் தலைமன்னாருக்குப் போய்வந்தன. உங்கள் அத்தைக்கு அது ரயிலை விட்டுக் கப்பலேறும் இடம், அவ்வளவுதான். முதன்முறை கடல் கடக்கிறோம் என்ற படபடப்பு வேறு. பின்னால் கடல் ‘சீறக் காத்திருந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். அது அன்று வெறும் கடல்.

அவர்கள் போன இடத்தைப் பாருங்கள். அதே 1956 ஜூனில் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. எதிர்த்து அறவழியில் அமர்ந்த தமிழர்கள் கொழும்பில் தாக்கப்பட்டார்கள். 1958 மே மாதம் பெரிய கலவரம். தை மாதம் கப்பலேறிய அந்தப் பெண் ஐந்தே மாதத்தில் எந்தக் கடை வாசலில் எந்த மொழியில் பேசுவது என்று தயங்க வேண்டி வந்திருக்கும். உங்கள் நாவல் அங்கே இருக்கிறது, அக்கரையில். அவர்கள் எப்போது திரும்பி வந்தார்கள், எதோடு வந்தார்கள், அந்தக் குடை வந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லையே.

கடிதத்தின் கடைசியில், அத்தை இப்போது பரமக்குடியில் உங்கள் வீட்டில்தான் இருக்கிறார், நன்றாகப் பேசுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்து எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் எழுதிய படங்களில் ஒருவர்கூட உயிரோடு கிடைத்ததில்லை. நாவலைத் தள்ளி வையுங்கள். நாளைக் காலை, அவர் காபி குடித்து முடித்ததும், படத்தைக் கையில் கொடுங்கள். புயலைப் பற்றியோ கலவரத்தைப் பற்றியோ முதலில் கேட்காதீர்கள். அந்தக் கூஜாவில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.